மேல் ஸ்டேஷனை இடித்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு மேலே இன்னொரு ஸ்டேஷன் இருந்தது என்று சொன்னால் இப்போது வேலைக்கு வந்து இறங்குகிற பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தண்டவாளங்களைத் தாண்டிப் போக ஓர் இரும்பு நடைபாலம். அதன் நடுவில், வடக்கேயிருந்து ஏறினால் இடது கைப்பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அங்கே டிக்கெட் கொடுத்தார்கள். தண்டவாளத்துக்கு வடக்கே குடியிருந்த எங்களுக்கு அதுதான் ஸ்டேஷன். ‘மேல் ஸ்டேஷன்’ என்போம். கீழே இருந்த பெரிய கட்டடம் தென்பக்கத்துக்காரர்களுடைய சொத்து என்பது எங்கள் எண்ணம்.

பாலத்தை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். பழைய தண்டவாளங்களையே நிமிர்த்தித் தூணாக நட்டிருந்தது மட்டும் கண்ணுக்குத் தெரிந்த உண்மை. என் அப்பா வாலிபராக இருந்தபோது தரை மரப்பலகையாம். கரி இஞ்சின் அடியில் போனால் பலகைச் சந்து வழியாகப் புகை மேலே வந்து வேட்டியெல்லாம் கறுத்துவிடுமாம். பிறகு சிமெண்டுப் பலகை போட்டார்கள். மின்சார இஞ்சின் வந்ததும் இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்தார்கள். டிக்கெட் போனுக்குள் வந்துவிட்டபின் அந்த அறைக்கு ஒரு பூட்டு வந்தது. அதற்கப்புறம் அதன் சுவர் முழுக்க ‘டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, தங்கும் இடம் இலவசம்’ என்ற நோட்டீஸ்தான். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, கடைசியில் இரும்பை விடக் காகிதம் கனமாகியிருக்கும்.

இந்த ஊர் சம்பாதித்ததெல்லாம் அந்தப் படி ஏறி இறங்கித்தான் வந்தது. காலையில் டிபன் பையோடு எங்கள் பக்கத்து ஆட்கள் தெற்கே இருந்த கம்பெனிகளுக்குப் போவார்கள். பாயும் தலையணையுமாகத் தேனிப் பக்கத்துக் குடும்பங்கள் வந்து பாலத்து மேலேயே உட்கார்ந்து, எந்தப் பக்கம் இறங்குவது என்று யோசிக்கும். பின்னாளில் முதுகில் பையோடு இந்திக்காரப் பையன்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அதே படியில் அதே பாயும் தலையணையும் திரும்பி ஏறிப் போனதையும் பார்த்தேன். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலே அதன் மேல் பெயர் எழுதுகிற ஊர் இது. இவ்வளவு பேரைச் சுமந்த பாலத்தைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்க ஆளில்லை. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இந்த மாதிரி விஷயத்துக்குக்கூட வராவிட்டால் பிறகு கோபம் எதற்கு?

அப்பா அந்தப் பாலத்தில் தன் ஆயுசில் பாதியை நடந்திருப்பார். ஒரே நிட்டிங் கம்பெனியில் கடைசிவரை மெஷின் ஓட்டினார். நூலைப் பனியன் துணியாகப் பின்னித் தள்ளுகிற வட்ட மெஷின்கள். அந்தக் கம்பெனி மூடி வெகுகாலமாகிறது. இப்போது அந்த இடத்தில் மொத்த வியாபாரக் கடை ஒன்று இருக்கிறது. ஆனால் நாலைந்து வருஷத்துக்கு முன் மறதி ஆரம்பித்தபோது, அப்பாவுக்குக் கம்பெனி திரும்பக் கிடைத்துவிட்டது. காலையில் குளித்து, சட்டை போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பாலம் ஏறி, தாண்டி, அந்தக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வந்த வழியே வீட்டுக்கு வந்துவிடுவார்.

கதவைப் பூட்டி வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் பூட்டவில்லை. வேறெங்கும் போகத் தெரியாதவருக்குப் போக ஒரே ஒரு வழி மிஞ்சியிருக்கிறது, அதுவும் போய்த் திரும்பி வருகிற வழி. அதை ஏன் அடைக்க வேண்டும்? வடக்குப் படிக்குக் கீழே வெள்ளரிக்காய் விற்கிற அக்கா அவர் ஏறும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், திரும்பி வந்து இறங்கும்போது இன்னொன்று. இரண்டாவது அழைப்பு வந்ததும் என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும். அப்படியே நாட்கள் ஓடின.

அவருக்குள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரைக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை என்று நினைத்து எழுந்து நிற்பார். இறந்துபோன என் அம்மாவின் படத்தைப் பார்த்து, இந்தம்மா எந்த ஊர் என்று கேட்டார். என்னை மட்டும் மறக்கவில்லை. சாயங்காலம் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கேட்டுக்கு வந்து நின்று, “வந்துட்டியா கண்ணு” என்பார். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதுவும் போய்விடும் என்று தெரியும். இன்றைக்கு இல்லை, இன்றைக்கு இல்லை என்றுதான் ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை நிறுத்துவேன்.

பாலத்தை இடிக்கப் போகிறார்கள், நகரும் படிக்கட்டோடு புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊருக்கு நல்லதுதான். அன்று முதல் நான் கேட்டைப் பூட்ட ஆரம்பித்தேன். அப்பா கம்பியைப் பிடித்து ஆட்டுவார். நேரமாகிறது, நேரமாகிறது என்பார். பகலில் துணைக்கு வருகிற அக்கா ஏதாவது சொல்லி உள்ளே கூட்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் பூட்டுவதில்லை. காரணம், ஞாயிறு அவர் கிளம்புவதே இல்லை. நாள், மாதம், வருஷம் எதுவும் தெரியாதவருக்கு வார விடுமுறை மட்டும் உடம்பிலேயே தெரிந்திருந்தது. அன்று பத்து மணி வரை தூங்குவார். அதனால் அந்த அக்காவுக்கும் அன்று லீவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் யூனிட்டில் வேலை இருந்தது. ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் என்ற இடத்தில், வாடகைக் கட்டடத்தில் கொஞ்சம் பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் ஞாயிறாவது பண்டிகையாவது. காலையில் கூடத்தில் நின்று ஒவ்வொரு டெய்லராகப் போன் போட்டு என் வழக்கமான குரலில் சத்தம் போட்டேன். ஞாயித்துக்கிழமைன்னு படுத்துக்காதீங்க, இன்னைக்கும் வேலை உண்டு, எல்லாரும் வந்து சேருங்க என்று. பிறகு வீட்டுக்காரரை அப்பாவோடு விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

யூனிட்டில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வெள்ளரிக்காய் அக்கா. மிஸ்டு கால் இல்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

“அம்மிணி, அப்பா தகரத் தடுப்புக்குள்ள பூந்து மேல ஏறீட்டாருங்க. கூப்புட்டா காதுலயே வாங்கலீங்க. நடுப்பாலம் இல்லீங்க, ராத்திரியே தூக்கீட்டாங்க.”

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதெல்லாம் ஒன்றுதான். பாதி வழியில், ஒரு லாரிக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றபோது, அவர் ஏன் கிளம்பினார் என்பது புரிந்தது. இன்னைக்கும் வேலை உண்டு, எல்லாரும் வந்து சேருங்க. நான் டெய்லர்களிடம் சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார். ஷிப்மெண்ட் அவசரம் என்றால் ஞாயிறும் மெஷின் ஓடும் என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஒழுங்கான வேலைக்காரர். வரச் சொன்னார்கள், கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் குளித்துவிட்டு வெளியே வந்தபோது கட்டில் காலி.

ஸ்டேஷன் வடக்கு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. படிக்கட்டு முன்னால் அடித்திருந்த தகரத் தடுப்பில் ஓராள் நுழையும் சந்து இருந்தது. வேலையாட்கள் போக வர விட்டிருந்தது. மேலே பார்த்தேன். படிக்கட்டு முடிகிற இடத்தில் சிமெண்டுத் தளம் கொஞ்ச தூரம் நீண்டு, அப்படியே அறுந்து நின்றது. டிக்கெட் அறை இல்லை. வலை இல்லை. பக்கவாட்டில் கைப்பிடி கூட இல்லை. அந்த அறுந்த நுனியில் அப்பா நின்றார். வெட்டிய இரும்புக் கம்பி ஒன்றை வலது கையால் பிடித்திருந்தார். அவருக்குக் கீழே மின்கம்பி, அதற்குக் கீழே தண்டவாளம். எதிர்ப்புறம், தெற்குப் படிக்கட்டின் மிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து படியடியில் நின்றிருந்தார். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் மேலே ஏறிப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிடலாம் என்றார். பிடிக்கும்போது அப்பா திமிறினால்? நான் போலீஸ்காரர் கையைப் பற்றிக்கொண்டு வேண்டாம் என்றேன். கீழேயிருந்து கூப்பிட்டேன்.

“அப்பா, வாங்க, ஊட்டுக்குப் போலாம்.”

அவர் தலையை மட்டும் திருப்பினார். என்னைத் தெரிந்தது. முகம்கூடச் சிரித்தது.

“இரு கண்ணு. பாய் நின்னுட்டிருப்பாரு. நான் போயி மாத்தி உட்டுட்டு வந்தர்றேன்.”

பாய் என்பது அப்பாவின் மாற்று ஆள். அப்பா பகல் ஷிப்ட் என்றால் அவர் இரவு ஷிப்ட். நிட்டிங் கம்பெனியில் மெஷினை நினைத்தபடி நிறுத்த முடியாது, நிறுத்தினால் அந்த இடத்தில் துணியில் கோடு விழும். அதனால் ஷிப்ட் முடிந்தது என்று யாரும் இறங்கிப் போவதில்லை. மாற்று ஆள் வந்து, எந்த மெஷினில் நூல் அறுகிறது, எதில் ஊசி உடைந்தது என்று கேட்டுக்கொண்டு, ‘நீங்க போங்க’ என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை இருப்பவர் நின்றே ஆக வேண்டும். நான் பிறந்த அன்று அப்பா போக முடியாமல், பாய் இரவும் பகலும் சேர்த்து நின்றாராம். நோன்பு மாதத்தில் பாய் நோன்பு திறந்து, தொழுது, சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரட்டும் என்று அப்பா தாமதமாகத்தான் வீடு வருவார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே கிடையாது. பார்த்துக்கொண்டதெல்லாம் மெஷின் பக்கத்தில், அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கம்பெனி மூடியபோது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலை அப்பா போனால் கேட்டில் பூட்டு. மெஷின்களை லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ராத்திரியே வெளியே அனுப்பப்பட்ட பாயும் தெருவில் நின்றிருந்தார். பாய் இறந்து இரண்டு வருஷமாகிறது. அதை அப்பாவிடம் சொன்னேன், அழுதார். மறுநாள் பாய் எங்கே என்றார், மறுபடி சொன்னேன், புதிதாகக் கேட்பது போலவே மறுபடி அழுதார். அதற்குப் பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

பாய் வேலை முடிந்து போயாச்சு அப்பா என்று கீழேயிருந்து கத்தினேன். “உனக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு, நீ பள்ளிக்கோடம் போ” என்றார். அப்போது ஒலிபெருக்கியில் ஏதோ ரயில் நிற்காமல் போகிறது, பயணிகள் தள்ளி நிற்கவும் என்று அறிவித்தார்கள். போலீஸ்காரர் ரயிலை நிறுத்தச் சொல்லி வாக்கிடாக்கியில் பேசினார். அதற்குள் சத்தம் நெருங்கிவிட்டது. வண்டி அப்பாவின் காலடியில் புகுந்து போனது. தளம் நடுங்கியது, மேலிருந்து சிமெண்டுத் தூள் கொட்டியது. கூட்டத்தில் யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. மூடினால் போய்விடுவார் என்று தோன்றியது. வண்டி போய் முடிந்தபோது அப்பா இன்னும் அரை அடி முன்னால் இருந்தார். தெற்கே பார்க்கத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நானே போகிறேன் என்றேன். போலீஸ்காரர் விடமாட்டேன் என்றார். பாலத்தை அறுத்த இந்திக்கார வேலையாள் ஒருவர் தன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தார், ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டார், தன் இடுப்பு பெல்ட்டை எனக்குக் கட்டிக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். “சத்தம் வேணாம் அக்கா, மெதுவா” என்றார். போலீஸ்காரர் வழி விட்டார்.

படி ஏறும்போதுதான் புரிந்தது. மகள் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். மகளை வீட்டில் விட்டுவிட்டுத்தானே மனிதர் வேலைக்குப் போகிறார்? வேலையிலிருந்து அவரை விடுவிக்க மாற்று ஆளால்தான் முடியும். அப்பா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். கொஞ்சம் தள்ளியே நின்று, யூனிட்டில் புது ஆட்கள் மூத்தவர்களிடம் பேசுகிற குரலில் கூப்பிட்டேன்.

“ஏனுங்கண்ணா. பாயை நான் மாத்தி உட்டுட்டனுங்க. அவரு ஊட்டுக்குப் போயிட்டாருங்க.”

அப்பா திரும்பினார். ஹெல்மெட்டைப் பார்த்தார், ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை.

“நீங்க புதுசுங்களா?”

“ஆமாங்க.”

நம்பவில்லை. அவர் கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. நாலாம் மெஷின் என்ன ஆச்சு என்றார். ஊசி ஒன்று உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்றேன். எண்ணெய்? விட்டாகிவிட்டது. நூல்? புதுக் கோன் ஏற்றியிருக்கிறேன். அவர் யோசித்தார். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது காதில் விழுந்ததையெல்லாம் தேடி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது.

“நான் பாத்துக்கறனுங்க. நீங்க போங்க” என்றேன்.

அவர் தோள் இரண்டும் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். கம்பியை விட்டார். நுனியிலிருந்து விலகி, ஷிப்ட் முடிந்த மனிதராக, கால் வலியோடு மெதுவாக என்னைத் தாண்டி வந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றார்.

“வரட்டுங்களா அம்மிணி. ஊட்டுல எம்பொண்ணு பாத்துட்டிருப்பா.”

சரீங்க என்றேன். அவருக்குப் பின்னாலேயே இறங்கப் போனேன். அவர் சட்டென்று திரும்பி முறைத்தார். மெஷினை விட்டுவிட்டு எங்கே வருகிறீர்கள் என்றார். என்னிடம் அவர் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. நான் நின்றுவிட்டேன். அவர் படி இறங்கினார். கீழே என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், வெள்ளரிக்காய் அக்கா தண்ணீர் கொடுத்தார். அப்பாவும் வீட்டுக்காரரும் எங்கள் தெருவுக்குள் திரும்பும்வரை நான் அந்தத் தளத்திலேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, மெஷின் பக்கத்தில் ஆளில்லை என்று மறுபடி ஏறி வந்துவிட்டால்? அந்த வேலையாள் கயிற்றை விடாமல் காத்திருந்தார். அவர்கள் மறைந்தபிறகு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிழைத்துவிட்டார் என்றுதான் அழுதேன் என்று அப்போது நினைத்தேன்.

ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போலீஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினேன். கேட்டுக்கு யாரும் வரவில்லை. அப்பா கூடத்தில் நாற்காலியில் கை கால் கழுவி உட்கார்ந்திருந்தார். நிம்மதியான முகம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்.

“வாங்க அம்மிணி. மெஷின யாருகிட்ட உட்டுட்டு வந்தீங்க?”

“ஆளு வந்துட்டாங்க” என்றேன்.

“அப்ப உக்காருங்க. எம்பொண்ணு இப்ப வந்துருவா. ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்.”

நான் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். இருவரும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.